காவலில்லாத வாசல்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பழைய பெருவழி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இவ்வழியின் இருபுறமும் உள்ள சிற்றூர்களில் ஒரு வீட்டில் தமிழ் ஒலிக்கும். அடுத்த வீட்டில் மலையாளம் ஒலிக்கும். பல வீடுகளில் இரண்டும் கலந்தே ஒலிக்கும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இவ்வூர்கள் யாவும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டின் பகுதிகளாயிருந்தன.

எல்லைக்கோடு பிரித்த பின்னும் இருபக்கத்து மக்களும் தங்கள் சொந்த மனிதராகவே நினைவுகூரும் ஒருவர் உண்டு. அவரே நட்டாலம் ஊரில் பிறந்து, 1752-ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக் காட்டில் உயிர்துறந்த தேவசகாயம். 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இராமல், இல்லறத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் இவ்வாறு அறிவிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

அவர் பட்ட பாடுகளைப் பலரும் பேசியிருக்கிறார்கள். அப்பாடுகளின் நடுவே அவர் எவ்வாறு ஜெபித்தார், அந்த ஜெபத்திற்குரிய உரிமையை எங்கே பெற்றார் என்பது அதைவிட ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

வாசல்கள் நிறைந்த நாடு

நீலகண்டன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி காயங்குளத்தைச் சேர்ந்தவர். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசைப்பணி செய்தவர். தாய் தேவகி அம்மை நாயர் குலத்தவர். மருமக்கத்தாய முறைப்படி மகன் தாயின் குலத்திலும் தாய்மாமன் ஆதரவிலும் வளர்ந்தார்.

நட்டாலம் பக்தி மிகுந்த ஊர். சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டம் முஞ்சிறையில் தொடங்கி நட்டாலத்தில் நிறைவுறுகிறது. இறைவனைத் தேடிக் கால்கடுக்க ஓடுகிற மக்களைச் சிறுவன் நீலகண்டன் ஆண்டுதோறும் கண்டிருக்க வேண்டும். அவரும் சமஸ்கிருதமும் தமிழும் மலையாளமும் கற்று, சாஸ்திரங்களிலும் போர்க்கலையிலும் தேர்ந்து, பக்தியுள்ள இளைஞராய் வளர்ந்தார். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோவிலில் பணியாற்றினார். பின்பு அரண்மனை அலுவலரானார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார்.

அந்நாளைய திருவிதாங்கூர் வாசல்கள் நிறைந்த நாடு. அரசரை அணுக ஒரு வாசல், அதற்கொரு காவல்; கோவிலை அணுக ஒரு வாசல், அதற்கொரு விதி. யார் எத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பே நிர்ணயித்தது. புலையரும் பறையரும் நாடாரும் கோவில் வீதியையும் நெருங்க இயலாது. திருவிதாங்கூரின் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-ஆம் நாள் பிரகடனத்தினால்தான். நீலகண்டன் பிறந்ததோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட காலம். அவர் வாசலுக்கு உள்ளே நிற்கும் உரிமை பெற்ற குலத்தவர். அரண்மனையும் கோவிலும் அவருக்குத் திறந்திருந்தன. பிறர் விலகி நிற்பதால் தமக்கு வழி கிடைக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க அவருக்கு அப்போது காரணம் ஏதுமில்லை.

பகைவராய் வந்த நண்பர்

அந்நாட்டை ஆண்டவர் மார்த்தாண்டவர்மர். 1729 முதல் 1758 வரை ஆட்சி செய்து, சிதறிக்கிடந்த நிலப்பகுதிகளை ஒரே அரசாகத் திரட்டியவர். இளவரசராயிருந்தபோது எதிரிகளுக்குத் தப்பி, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்பிழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மச்சிப் பிலாவு என்னும் அம்மரத்தின் எஞ்சிய பகுதி அங்குள்ள கிருஷ்ணன் கோவில் வளாகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மர் முறியடித்தார். சிறைப்பட்டவர்களுள் யூஸ்டாக்கியஸ் டிலனாய் என்னும் படைத்தலைவரும் ஒருவர். அரசர் அவரைக் கொல்லவில்லை. அவருடைய திறமையைக் கண்டு மன்னித்து, தம் படைகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையே ஒப்படைத்தார். நாட்டைத் தாக்க வந்தவர் நாட்டின் பெரிய கப்பித்தானாய் உயர்ந்தார். பகைவராய் வந்தவர் ஒப்புரவானபின் அரசரின் முன்னிலைக்கு நேரே செல்லும் உரிமை பெற்றார். அவ்வுரிமையை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை; அரசரின் தயவே அதை அவருக்கு அளித்தது.

உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டது. அது நட்பாக முதிர்ந்தது. அச்சமயம் நீலகண்டனின் வீட்டைத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. கால்நடைகள் மடிந்தன, பொருள் அழிந்தது, விளைச்சல் பொய்த்தது. எந்தக் குற்றத்திற்கு இந்தத் தண்டனை, எந்தத் தெய்வத்துக்கு எந்தக் கடன் பாக்கி என்று அவர் மனம் கணக்குப் பார்த்தது. பூசைகள் செய்தும் மன அமைதி வரவில்லை. முகம் வாடியிருப்பதைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின் வேதாகமத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

யோபுவின் ஏக்கம்

யோபு நீதிமான், ஆயினும் ஒரே நாளில் மந்தைகளையும் மக்களையும் இழந்தவன். அவனுடைய நண்பர்கள் துன்பத்தைப் பாவத்தின் கூலியாகவே கணக்கிட்டார்கள். யோபு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தேவனிடமே நேரில் பேச வேண்டும் என்று கதறினான். அப்படிப் பேசுவதற்குத் தனக்கும் அவருக்கும் நடுவே நின்று, இருவர்மேலும் கைவைக்கத்தக்க மத்தியஸ்தர் ஒருவரும் இல்லையே என்று ஏங்கினான்.

நீலகண்டனை இச்சரித்திரம் பிடித்துக்கொண்டது. துன்பப்படுகிறவன் தேவனால் தள்ளப்பட்டவன் அல்ல என்பதை அவர் அதில் கண்டார். பின்பு டிலனாய் இயேசு கிறிஸ்துவைக் குறித்துச் சொன்னபோது, யோபு தேடிய மத்தியஸ்தர் இவரே என்று உணர்ந்தார். மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலிருந்த பகையைச் சிலுவையின் இரத்தத்தினால் நீக்கி, இருவரையும் ஒப்புரவாக்கினவர் கிறிஸ்து என்பது சுவிசேஷத்தின் மையம். அவர் மரித்த வேளையில் எருசலேம் தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. வருடத்திற்கு ஒருமுறை பிரதான ஆசாரியர் ஒருவரே நுழையத்தக்க இடத்தை மறைத்திருந்த திரை அது. கிறிஸ்துவின் வழியாக எவரும் கிருபாசனத்தண்டை தைரியமாய்ச் சேரலாம் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அதன் பொருளை விளக்குகிறது.

அரண்மனைக் கட்டுகளின் ஒழுங்கை நன்கறிந்த ஓர் அதிகாரிக்கு இதைவிட வியப்பான செய்தி வேறு இருந்திருக்க முடியாது. பகைவராய் வந்தவரை அரசர் மன்னித்து அருகில் அமர்த்தியதை அவர் கண்ணாரக் கண்டவர். அந்த மன்னிப்பைப் பெற்றவரே இப்போது வேறோர் அரசரின் மன்னிப்பைக் குறித்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

புதிய பெயர்

திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வடக்கன்குளத்தில் ஓர் ஆலயம் இருந்தது. டிலனாயின் கடிதத்தோடு நீலகண்டன் அங்கே சென்றார். இயேசு சபைக் குரு ஜோவான்னி பத்திஸ்தா புத்தாரி, வந்தவரின் உறுதியைச் சோதித்து, விசுவாச சத்தியங்களைக் கற்பித்தபின், 1745 மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். இலாசரு என்னும் பெயர் சூட்டப்பட்டது. தேவன் உதவி செய்தார் என்னும் அதன் பொருளே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. பின்னர் அவர் மனைவியும் விசுவாசத்தை ஏற்று, தெரேசா என்பதன் தமிழாக்கமாக ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவம் அந்நாளில் புதியதன்று. பிரான்சிஸ் சவேரியார் 1544-ஆம் ஆண்டிலேயே அக்கடற்கரையில் ஆயிரக்கணக்கான முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். டிலனாயும் வேறு ஐரோப்பியரும் தங்கள் முறைப்படி ஆராதிக்க அரசர் தடை சொல்லவில்லை. ஆனால் அரண்மனையைச் சேர்ந்த நாயர் ஒருவர் மீனவரும் ஒடுக்கப்பட்டோரும் இருக்கும் சபையில் சேர்ந்து, அவர்களோடு அமர்ந்து, அவர்களோடு உண்பது முன்பு காணாத காட்சி.

தேவசகாயத்தின் மாற்றம் இங்கேதான் வெளிப்பட்டது. தேவனோடு ஒப்புரவானவர் மனிதரோடு பழைய தூரத்தைக் காக்க இயலவில்லை. தமக்கு அருளப்பட்ட வழியில் பிறப்பின் அளவுகோல் இல்லையென்றால், அவ்வளவுகோலைப் பிறர்மேல் பிடிக்க அவருக்கு ஏது உரிமை? விலக்கி வைக்கப்பட்டவர்களின் குடிசைகளுக்குள் அவர் நுழைந்தார். புனிதராக அவரை அறிவித்தபோது பிள்ளை என்னும் சாதிப்பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படாதது இவ்வாழ்க்கைக்குப் பொருத்தமானதே.

சங்கிலியும் வேப்பமரமும்

அரண்மனையில் அவருக்கு எதிரிகள் எழுந்தார்கள். தெய்வங்களையும் குலவழக்கத்தையும் இகழ்ந்தார், அரண்மனை இரகசியங்களை ஐரோப்பியருக்கு வெளிப்படுத்தினார் என்று குற்றஞ்சாட்டினார்கள். 1749 பிப்ரவரி 23-ஆம் நாள் தேவசகாயம் கைதானார். அவர் விசுவாசத்திற்காகவே தண்டிக்கப்பட்டாரா, அரசுக் குற்றத்திற்காகவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையும் கத்தோலிக்கத் திருச்சபையின் நீண்ட விசாரணையும் அவர் விசுவாசத்திற்காகவே உயிர் கொடுத்தார் என்று முடிவு கண்டன.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் அனுபவித்தவற்றைத் திருச்சபை மரபு விரிவாகக் காத்துவைத்திருக்கிறது. எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் பின்முகமாக உட்காரவைத்து, ஊர் ஊராய் அவரைக் கொண்டுசென்றார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள், தாகத்திற்குத் தேங்கிய அழுக்குநீரைக் கொடுத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாளாமல் ஜெபித்து, பாறையைத் தம் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்பர். முட்டிடிச்சான் பாறை என்று வழங்கும் அவ்விடத்திற்கு மக்கள் இன்றும் வருகிறார்கள்.

பின்பு பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவர் கட்டப்பட்டார். வெயிலும் மழையும் பனியும் பட ஏழு மாதங்கள் அங்கே கிடந்தார் என்று மரபு கூறுகிறது. இவ்வாண்டுகளிலேயே, 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் திருப்படிதானம் செய்து, அச்சுவாமியின் அடியவராக ஆளத் தொடங்கினார். ஒருகாலத்தில் எதிரிகளுக்குத் தப்ப மரப்பொந்தில் அடைக்கலம் தேடியவர் அரியணையில் இருந்தார். அவருடைய அதிகாரியாயிருந்தவர் தப்ப வழியின்றி ஒரு மரத்தில் கட்டுண்டிருந்தார். முன்னவரின் வாழ்வில் ஜெபம் மரத்திலிருந்து விடுதலையில் முடிந்தது. பின்னவரின் வாழ்வில் ஜெபம் மரத்தடியிலேயே நிலைத்து நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. தேவன் உதவி செய்தார் என்பதையே பெயராகக் கொண்டவர் இத்தனை மாதங்கள் கட்டுண்டு கிடந்தாரே. அவருடைய ஜெபம் கேட்கப்பட்டதா? யோபுவின் நண்பர்கள் அங்கே இருந்திருந்தால் பழைய கணக்கையே மறுபடியும் விரித்திருப்பார்கள். தேவசகாயமும் அரண்மனைக்காலத்து மனத்தோடு இருந்திருப்பாரானால், தாம் செலுத்திய பக்திக்கு விடுதலையை வட்டியாகக் கேட்டிருப்பார். ஆனால் ஒப்புரவானவனின் ஜெபம் கணக்குத் தீர்க்கும் பேரம் அன்று. அது தந்தையின் முன்னிலையில் பிள்ளை நிற்பது. கட்டு அவிழ்ந்தாலும் அவிழாவிட்டாலும் அந்த முன்னிலை மாறுவதில்லை. பதவி பறிபோயிற்று, வீடு தூரமாயிற்று, வடக்கன்குளத்து ஆலயமும் எட்டாத இடத்திலிருந்தது. கால் நகர இயலாத அந்த நிலையிலும் ஜெபத்தின் வாசல் மட்டும் அவருக்கு அடைபடவில்லை.

அதைக் கண்டவர்கள் மரத்தடிக்கு வரத் தொடங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தங்கள் துயரங்களைச் சொல்லி அழுதார்கள். அவர் அவர்களுக்காக ஜெபித்தார். தண்டனையை நிறைவேற்றும் ஆராச்சாரின் குடும்பம் குழந்தையின்றி வருந்தியது என்றும், கைதியின் ஜெபத்திற்குப்பின் அவ்வீட்டில் குழந்தை பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. யோபுவின் சரித்திரமும் இவ்வாறே முடிகிறது. தன்னைக் குற்றப்படுத்திய நண்பர்களுக்காக யோபு வேண்டுதல் செய்தபோது தேவன் அவனுடைய சிறையிருப்பை மாற்றினார் என்று அந்நூல் கூறுகிறது. டிலனாயின் வாயிலிருந்து கேட்ட சரித்திரத்தின் கடைசிப் பகுதியைத் தேவசகாயம் தம் வாழ்க்கையினால் நிறைவேற்றினார்.

கடைசி ஜெபம்

மக்கள் கூடுவதைக் கண்ட அதிகாரிகள் அவரை ஆரல்வாய்மொழிக்கு மாற்றினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் நாடிக் கடந்த கணவாயின் அருகிலேயே அவர் விலங்கிடப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். எல்லையின் மறுபக்கம் வடக்கன்குளம். அங்கே போய்விட்டால் உயிர் பிழைக்கலாம். அங்கே செல்லும் பாதையை அறிந்தவர்தாம் அவர். ஆனால் அவருடைய பயணம் வேறு திசையில் முடிந்தது.

1752 ஜனவரி 14-ஆம் நாள் அவரைக் காற்றாடி மலைக்குக் கொண்டுசென்றார்கள். விலங்குகளோடு நடக்க இயலாத அவரைச் சேவகர்கள் சுமந்து சென்றார்கள் என்பர். சுடுவதற்கு முன் ஜெபிக்கச் சற்று நேரம் கேட்டார், அது அனுமதிக்கப்பட்டது. ஒரு பாறையின்மேல் முழங்கால்படியிட்டு ஜெபித்தார். நாடும் வீடும் பதவியும் எடுபட்டுப்போன மனிதர் கடைசியாகக் கேட்டுப்பெற்றது ஜெபிப்பதற்கான சில நிமிடங்களே. பின்பு துப்பாக்கிகள் முழங்கின. அவருக்கு அப்போது வயது 39.

உடலை அடக்கம் செய்ய அனுமதியின்றிக் காட்டில் எறிந்தார்கள். சில நாட்களுக்குப்பின் விசுவாசிகள் எஞ்சிய எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்கு யோபுவை அறிமுகப்படுத்திய டிலனாய் 1777 வரை வாழ்ந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார்.

இன்றைய வாசல்

காற்றாடி மலையில் மக்கள் அவருடைய முழங்கால் தடம் என்று காட்டும் பாறை இருக்கிறது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையும் அங்கே உண்டு. நட்டாலத்திலும் பெருவிளையிலும் புலியூர்க்குறிச்சியிலும் நினைவிடங்கள் எழுந்துள்ளன. 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது, எல்லைக்கு இருபுறமிருந்தும் மக்கள் திரளாய்க் கூடினார்கள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருகிறவர்கள் மலையாளத்தில் ஜெபிக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தார் தமிழில் ஜெபிக்கிறார்கள்.

ஆயினும் தேவசகாயத்தின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் அந்தப் பாறைகளோடு முடிந்துவிடுவதில்லை. அவர் ஜெபித்த இடங்கள் எவையும் ஜெபத்திற்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஒன்று தண்டனை மரம், ஒன்று சாலையோரப் பாறை, ஒன்று கொலைக்களம். அவை பரிசுத்தமான பின்பு அவர் அங்கே ஜெபிக்கவில்லை. தேவனோடு ஒப்புரவான ஒரு மனிதர் அங்கிருந்து ஜெபித்ததால் அவை ஜெப ஸ்தலங்களாயின. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவருக்கும், அயல்நாட்டில் தனித்து உழைப்பவருக்கும், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டச் செல்பவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அதில் நுழையக் குலமோ பதவியோ காணிக்கையோ கேட்கப்படுவதில்லை.

அவ்வழியில் நுழைந்தவரிடம் ஒன்று மட்டும் எதிர்பார்க்கப்படுகிறது. தனக்குத் திறந்த வாசலை அவர் பிறருக்கு அடைக்கக் கூடாது. நம் வீட்டுத் திண்ணையில் உட்காரத் தயங்கி நிற்கிறவர் எவரேனும் உண்டா? ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் உடன்பிறந்தார் உண்டா? தம் குலத்தையும் பதவியையும் ஒதுக்கிவைத்துக் குடிசைகளுக்குள் நுழைந்து, தம்மைத் தண்டித்தவரின் வீட்டுக்காகவும் வேண்டிக்கொண்ட நட்டாலத்து மனிதரின் வாழ்க்கை, ஜெபிக்க முழங்கால்படியிடும் ஒவ்வொருவரிடமும் இக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.